விண்ணை நோக்கும் இரு கண்கள்

மாணவச் செல்வங்களே! மருத்துவமனையில் எலும்பைக் காட்டும் எக்ஸ் கதிரை நாம் அறிவோம். விண்ணிலிருந்தும் அக்கதிர் வருகின்றது. காற்று மண்டலம் அதனைத் தடுத்து நம்மைக் காக்கின்றது. ஆதலின் 'சந்திரா' தொலைநோக்கி 1999-இல் விண்வெளிக்கே அனுப்பப்பட்டது. சென்னையில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரையே அது தாங்குகின்றது.

ஏறத்தாழ 380 கோடி ஒளியாண்டுத் தொலைவில், விண்மீன் மண்டலத் திரள்கள் இரண்டு மோதின. ஒளித் தொலைநோக்கிகள் மண்டலங்களைக் காட்டின; மோதலில் பின்தங்கிய கொதிவாயுவைச் சந்திரா காட்டிற்று. பின்னணி ஒளியின் வளைவை அளந்தபொழுது, நிறையில் பெரும்பகுதி வாயுவை விட்டு விலகியிருந்தது. புலப்படாத கரும்பொருளுக்கு இது சான்றென 2006-இல் அறிஞர் அறிவித்தனர். ஒரு கண் மட்டும் நோக்கியிருப்பின் இவ்வுண்மை விளங்கியிராது.

பெற்றோர்களே! ஜொகூர்த் தோட்டங்களில் வளரும் நம் பிள்ளைகளும் கணிதமும் அறிவியலும் கருத்தூன்றிக் கற்பின் இத்துறையில் சிறக்கலாம். அதற்குத் துணைநிற்போமாக!