வாழைக்காய் மாவும் சிவப்பு நூல் கட்டிய அரிதட்டும்

எங்கள் குசினியில் இப்போது அரிதட்டு இரண்டு இருக்கிறது. ஒன்றின் விளிம்பில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். அதற்குள் கோதுமை மா ஒருநாளும் விழக்கூடாது என்பதற்கான அடையாளம் அது. ஆர்ச்வேயில் எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் அதைப் பார்த்து, "இதென்ன, அரிதட்டுக்கும் காப்புக் கட்டியிருக்கிறியளோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். ஆனால் நூலை அவிழ்ப்பதில்லை.

எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்குச் சீலியக் நோய். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் போனது. இரத்தத்தில் இரும்பு குறைவு என்றார்கள், இரும்புக் குளிசை கொடுத்தோம். களைப்பு என்றாள், நேரத்துக்குப் படுக்கச் சொன்னோம். வயிற்று நோ என்றாள், பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிக்கிறாள் என்று பேசினோம். பிள்ளை வடிவாகச் சாப்பிடுவதில்லை என்று நாங்களே தீர்ப்பும் எழுதிவிட்டோம். அந்த இரண்டு வருடமும் அவளுக்குக் காலையில் பாண், பின்னேரம் ஹோர்லிக்ஸ், இரவில் அவித்த கோதுமை மாவில் பிட்டு. உடம்பு தேறட்டும் என்று ஊட்டியதுதான் அவளுடைய குடலை அரித்துக்கொண்டிருந்தது.

இது ஒவ்வாமை அல்ல. கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனதும், உடலின் நோய் எதிர்ப்பு முறை சொந்தச் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற முளைகள் தட்டையாகிப் போகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. மருந்து கிடையாது. ஆயுள் முழுவதும் குளூட்டனை விடுவதுதான் ஒரே வழி. பிரித்தானியாவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் என்ற நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தால், மற்றவர்களுக்கு இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றாகிறது. ஆகவே ஒருவருக்குக் கண்டால் வீட்டில் மற்றவர்களும் சோதிக்க வேண்டும்.

இதில் நம்மவர் பலர் விடும் பிழை ஒன்று உண்டு. சந்தேகம் வந்ததும் பாணை நிறுத்திவிட்டு, பிறகு வைத்தியரிடம் போகிறார்கள். குளூட்டனை நிறுத்திவிட்டால் இரத்தச் சோதனை பிழையாக "இல்லை" என்று காட்டலாம். சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரமாவது ஒவ்வொரு நாளும், ஒன்றுக்கு மேற்பட்ட நேரச் சாப்பாட்டில் குளூட்டன் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டல். முதலில் சோதனை, பிறகுதான் பத்தியம்.

சோறு சாப்பிடும் சனத்துக்குக் கோதுமையை விடுவது கஷ்டமா என்று நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எண்ணத் தொடங்கியபோதுதான் அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. இடியப்பத்திலும் பிட்டிலும் அரிசி மாவோடு அவித்த கோதுமை மா. மோதகத்துக்கு மா இழுபட வேண்டும் என்று அதிலும் ஒரு பிடி. வடை உதிராமல் இருக்க ஒரு கரண்டி. றோல்ஸ், கொத்து, ரவை லட்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்களைத் திகைக்க வைத்தது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மா சேர்த்திருக்கிறார்கள். சாம்பாரும் ரசமும் அதோடு போயிற்று. 1980 இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கிய காலத்தில் வளர்ந்த தலைமுறை நாங்கள். எங்கள் நாக்குக்குக் கோதுமை மாப் பிட்டுத்தான் ஊர்ச் சாப்பாடு. குரக்கனும் ஒடியலும் அம்மம்மாவின் சாப்பாடு.

கொண்டாட்ட வீடுகளில் "ஒரு வாய் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது" என்று அன்போடு சொல்வார்கள். கணக்கெழுதிப் பிழைப்பவர்கள் என்பதால் அந்த ஒரு வாயைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் ஒரு உணவைக் குளூட்டன் அற்றது என்று விற்பதென்றால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் 20 மில்லிகிராம் குளூட்டன் என்பது 200 மில்லிகிராம் கோதுமை மா, அதாவது ஒரு கிராமின் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு தேக்கரண்டியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. முதல் நாள் கோதுமை மா அரித்த அரிதட்டைச் சும்மா தட்டிவிட்டு எடுத்தால் கண்ணிகளில் அதைவிடக் கூடத் தங்கியிருக்கும். சிவப்பு நூலின் கதை இதுதான்.

அரிசி மாவிலும் குரக்கனிலும் ஒடியலிலும் குளூட்டன் இல்லையே, பிறகு ஏன் வாழைக்காயோடு மினக்கெட வேண்டும்? மாவாக வாங்கும் எதுவும் யாரோ ஒருவருடைய ஆலையில் அரைபட்டு வருகிறது. அதே கல்லில் முன்னர் என்ன அரைத்தார்கள் என்று பொதியில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வாழைக்காய் தோலோடு வருகிறது. எங்கள் பலகையில் வைத்துத் தோலை உரிக்கும்வரை அதற்குள் எதுவும் கலக்க முடியாது. வரவு எங்கிருந்து வந்தது என்று முதல் வரியிலிருந்தே தெரிகிற கணக்கு அது. அதோடு, தினமும் அரிசி மா என்றால் பிள்ளைக்கு அலுத்துப் போகிறது.

வாழைக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பும் இருக்கிறது. நோயை முதலில் தெளிவாக விவரித்தவர் சாமுவேல் ஜீ. 1887 இல் லண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையில் ஆற்றிய விரிவுரையில், குணப்படுத்த முடியுமென்றால் அது உணவால்தான் என்று அவர் கருதினார். எந்த உணவு என்று தெரியவில்லை. 1924 இல் நியூயோர்க்கில் சிட்னி ஹாஸ் என்ற வைத்தியர் நோயாளிப் பிள்ளைகளுக்கு வாழைப்பழ உணவு கொடுத்துத் தேற்றினார். பாண், உருளைக்கிழங்கு எல்லாம் நிறுத்தி வாழைப்பழம். பிள்ளைகள் தேறியது வாழைப்பழத்தின் குணம் என்று அவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் தேற்றியது பாணை நிறுத்தியது. ஒல்லாந்து வைத்தியர் விலெம் டிக்க 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காமல் போனபோது நோயாளிப் பிள்ளைகள் தேறியதும், பாண் திரும்பி வந்ததும் அவர்கள் மீண்டும் நலிந்ததும் அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கின. சரியான தொகையைப் பிழையான பக்கத்தில் பதிந்துவிட்டார் ஹாஸ். ஆகவே வாழைக்காய் மா நோயை மாற்றும் என்று யாரும் எண்ண வேண்டாம். அது கோதுமையின் இடத்தை நிரப்பும், அவ்வளவுதான்.

இனி மா செய்யும் விதம். நீர்வேலி மொந்தன் இங்கே எப்போதாவதுதான் கண்ணில் படும். கரீபியன், ஆபிரிக்கக் கடைகளில் பிளான்டேன் என்று விற்கும் பெரிய காயும், உகண்டாக்காரர் மட்டோக்கே என்று சொல்லும் குட்டையான பச்சைக் காயும் போதும். டோல்ஸ்டன் ரிட்லி றோட் சந்தையில் கிண்ணக் கணக்கில் மலிவாக எடுக்கலாம். ஆனால் மலிவு என்று மஞ்சள் ஓடியதை வாங்கக் கூடாது. பழுக்கத் தொடங்கினால் மாச்சத்து சீனியாக மாறும். காய வைத்தால் பசைபோல ஒட்டும், அரைபடாது. முழுப்பச்சையாக, அமத்தினால் கல்லுப்போல இருக்க வேண்டும்.

கைக்கு நல்லெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். கயர் பட்ட உடுப்பு பிறகு உடுப்பல்ல. இரண்டு முனையையும் வெட்டி, தோலை நீளமாகக் கீறி, தண்ணீருக்குள் வைத்து உரிக்க வேண்டும். இரும்புக் கத்தி காயைக் கறுப்பாக்கும், கறள் பிடிக்காத கத்தியே நல்லது. இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் வட்டமாகச் சீவி, சீவச் சீவ எலுமிச்சம்புளியும் உப்பும் கலந்த தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். காற்றுப் பட்டுக் கறுப்பது இதனால் குறையும். பிறகு துணியில் ஒற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் பரப்ப வேண்டும்.

ஊரில் என்றால் சுளகில் போட்டு முற்றத்தில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேலை முடியும். 2021 இல், கொரோனா முடக்கத்தின்போது கர்நாடகத்தில் வாழைக்காய் விலைப்படாமல் தோட்டத்தில் கிடந்தபோது, புத்தூரிலிருந்து வரும் 'அடிகெ பத்திரிகெ'யின் ஆசிரியர் ஸ்ரீ பத்ரே தொடக்கி வைத்த முயற்சியில் வீட்டுப் பெண்கள் பலர் இப்படித்தான் மா செய்தார்கள். காயைச் சீவி, வெயிலில் காய வைத்து, மிக்சியில் அரைத்தார்கள். வாழைக்காய் மா என்பதற்கான கன்னடச் சொற்களைச் சுருக்கி 'பாகாஹு' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். கேரளத்தில் கைக்குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கும் வாழைக்காய்ப் பொடி இதைவிடப் பழையது.

ஆர்ச்வே வெயிலை நம்பி நாங்கள் ஒருமுறை ஜன்னலோரம் பரப்பினோம். மூன்றாம் நாள் சாம்பல் நிறப் பூஞ்சணம் பூத்தது. முழுவதும் குப்பைக்குப் போனது. பூஞ்சணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டுப் பாவிக்கக் கூடாது. இப்போது காற்றாடி உள்ள மின்சார அவணை 60 பாகையில் வைத்து ஆறு முதல் எட்டு மணித்தியாலம் காய விடுகிறோம், இடையில் ஒருமுறை புரட்டிவிட்டு. சூட்டைக் கூட்டினால் வெளிப்புறம் வெந்து இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். இரண்டு கிலோ காயிலிருந்து முக்கால் லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் அது உங்கள் சுவரில் போய் ஈரமாகப் படியும். பதம் பார்ப்பது சுலபம்: ஒரு துண்டை மடித்தால் வளையக் கூடாது, படக்கென்று முறிய வேண்டும். நன்றாக ஆறவிட்டுத்தான் அரைக்க வேண்டும். மசாலா அரைக்கும் கிரைண்டரை இதற்குப் பாவிக்காதீர்கள், அதற்குள் பழைய பெருங்காயம் இருக்கும். அரித்து, காய்ந்த போத்தலில் அடைத்தால் ஒரு மாதமும், குளிர்ப்பெட்டியின் உறைநிலைத் தட்டில் பல மாதமும் கிடக்கும்.

செலவையும் மறைக்காமல் சொல்கிறோம். காயில் தோல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சதையிலும் பெரும்பகுதி தண்ணீர். நாலு கிலோ காய்க்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் மா வரும். கிலோ இரண்டு பவுண் என்று வைத்தால் காய்க்கு எட்டுப் பவுண். இரண்டு தடவை காய வைக்க எட்டு யூனிட் மின்சாரம், யூனிட் 25 பென்ஸ் என்றால் இரண்டு பவுண். ஆக, கிலோ பத்துப் பவுண். அரிசி மாவோடு ஒப்பிட்டால் கட்டுபடியாகாது. அதனால் நாங்கள் இதைத் தனியாகப் பாவிப்பதில்லை, கலந்துதான் பாவிக்கிறோம்.

கலப்பதற்கு வேறு காரணமும் உண்டு. குளூட்டன் இல்லாத மா இழுபடாது. தனி வாழைக்காய் மாவில் பிட்டு அவித்தால் களிபோல ஒட்டும். வீட்டில் வறுத்து அரைத்த சிவப்பரிசி மா இரண்டு பங்கு, வாழைக்காய் மா ஒரு பங்கு என்றால் பிட்டு உதிரியாக வரும். தண்ணீரை விட்டு விட்டுக் குழையுங்கள், இந்த மா முதலில் குடிக்காததுபோல இருந்து பிறகு ஒரேயடியாகக் குடிக்கும். றொட்டிக்கு மாவோடு பாதியளவு தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, உருட்டாமல் வாழையிலையிலோ தாளிலோ வைத்துக் கையால் தட்ட வேண்டும். வெடிக்காமல் இருக்க ஒரு கரண்டி இசப்கோல் உமி உதவும். கூழுக்கு ஒடியல் மா கிடைக்காத நாளில் இதைக் கரைத்து விடலாம். கூழ் தடிக்கும், ஆனால் ஒடியலின் கைப்பு வராது. அதற்கு வழியில்லை.

நீரிழிவுக்கு நல்லது என்று இதை விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. எளிதில் செரிக்காத மாச்சத்து பச்சை மாவில்தான் கூட, அவித்ததும் அதில் பெரும்பகுதி சாதாரண மாச்சத்தாகிவிடும். சிறுநீரக வருத்தக்காரர் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. காயில் உள்ள பொற்றாசியம் முழுவதும் தண்ணீர் வற்றிய மாவில் செறிந்து நிற்கும்.

அரிதட்டு, கிரைண்டர், மரப்பலகை எல்லாம் இரண்டாக்கிய பிறகும் பிள்ளைக்கு இடைக்கிடை வயிறு குத்தியது. எங்கே பிழை என்று தெரியாமல் மூன்று வாரம் தேடினோம். கடைசியில் பிடிபட்டது நீத்துப்பெட்டி. பனையோலையில் பின்னியது, இருபது வருடமாகக் கோதுமை மாப் பிட்டு அவித்த பெட்டி. எவ்வளவு கழுவினாலும் பின்னலுக்குள் இறுகிய மா போகாது. அவளுக்கென்று புதிதாக ஒன்று, வல்வெட்டித்துறையிலிருந்து வந்த ஒருவரின் பயணப்பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவே நசியாமல் வந்து சேர்ந்தது. அதன் வாயிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம்.