ஏலத்தில் கோடி! வீட்டுக்கு வருவது எவ்வளவு?
விளையாட்டு வீரர் சம்பளம்: ஊர் போடும் கணக்கும் உண்மைக் கணக்கும்

"பந்து போடத் தெரிஞ்சாப் போதும்ணே. கோடிக் கணக்குல குடுக்குறாய்ங்க. நம்ம பயலையும் கொண்டுபோய் சேத்துவிட வேண்டியதுதான்!"

வீரர்கள் ஏலம் நடக்கிற சமயத்தில் மதுரை டீக்கடைப் பெஞ்சுகளில் காதில் விழும் பேச்சு இது. 2025 அக்டோபரில் சிந்தாமணி பக்கம் புதிய கிரிக்கெட் ஸ்டேடியத்தைத் தோனியே நேரில் வந்து திறந்து வைத்தார். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்?

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கணக்கு தெரிந்து ஆசைப்பட வேண்டும்.

ஏலத்தில் சொல்லும் தொகை ஒன்று. கைக்கு வரும் தொகை வேறு. அது எத்தனை வருஷம் தாங்கும் என்பது மூன்றாவது கணக்கு. ஊரில் பேசப்படுவது முதல் கணக்கு மட்டும்தான்.

ஒரே ஆட்டம்!

மதுரைக்குத் தெரிந்த பெயரிலிருந்தே தொடங்குவோம். வருண் சக்கரவர்த்தி. 2018-ல் டி.என்.பி.எல். கோப்பையை மதுரை பேந்தர்ஸ் அணி வென்றதே, அந்த அணியின் மாயச் சுழல் பந்து வீச்சாளர்.

அந்த வருஷம் டிசம்பரில் ஐ.பி.எல். ஏலம் நடந்தது. அவருடைய அடிப்படை விலை ரூ.20 லட்சம். போட்டி போட்டுக் கேட்டார்கள். கடைசியில் பஞ்சாப் அணி ரூ.8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. தமிழ்நாடே வாயைப் பிளந்தது.

பிறகு நடந்தது என்ன? 2019 ஐ.பி.எல்.லில் அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம்! அதில் முதல் ஓவரிலேயே 25 ரன் போனது. அப்புறம் விரலில் காயம். சீசன் முடிந்ததும் பஞ்சாப் அணி அவரை விட்டுவிட்டது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா அணி எடுத்த விலை ரூ.4 கோடி.

எந்த ஆபீசில் ஒரே வருஷத்தில் சம்பளம் பாதியாகக் குறையும்? ஏல விலை என்பது ஒரு வருஷத்து விலை. அடுத்த வருஷம் ஏறலாம், இறங்கலாம், அடியோடு இல்லாமலும் போகலாம்.

வருண் எழுந்துவிட்டார். கொல்கத்தா அணி அவரை ரூ.12 கோடிக்குத் தக்க வைத்தது. 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அவர் கட்டிடக்கலை படித்தவர், அந்த வேலையைப் பார்த்தவர். கிரிக்கெட் கைவிட்டிருந்தாலும் பிழைக்க வழி இருந்தது.

கோடி எல்லோருக்கும் இல்லை

பேப்பரில் கொட்டை எழுத்தில் வருவது உச்சியில் இருக்கும் நாலைந்து பேரின் விலை. கீழே இறங்கிப் பாருங்கள்.

2023 டி.என்.பி.எல். ஏலத்தில் ஒரு அணி முழுவதையும் கட்ட அனுமதிக்கப்பட்ட தொகையே ரூ.70 லட்சம்தான். அதில் ரூ.21 லட்சத்து 60 ஆயிரத்துக்குப் போன சாய் சுதர்சன்தான் அன்றைய பேச்சு. அதே 2023-ல் ஐ.பி.எல்.லில் அவருக்குக் குஜராத் அணி கொடுத்த விலை ரூ.20 லட்சம். அந்த விலைக்குத்தான் இறுதி ஆட்டத்தில் 96 ரன் அடித்தார்! 2025-க்கு அவரை ரூ.8½ கோடிக்குத் தக்க வைத்தார்கள் என்பது பிற்பாடு நடந்த கதை.

நம் கிராமத்துப் பையன்கள் கனவு காணும் புரோ கபடிக்கு வருவோம். 2014-ல் முதல் ஏலம் நடந்தபோது அதிகபட்ச விலை ரூ.12 லட்சத்து 80 ஆயிரம். இப்போது முதல் வரிசை வீரர்கள் ரூ.2 கோடியைத் தாண்டுகிறார்கள். ஆனால் 2024 ஏலத்தில் 'டி' பிரிவு வீரரின் அடிப்படை விலை ரூ.9 லட்சம்.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் பொங்கல் சமயத்தில் ராத்திரி லைட் வெளிச்சத்தில் பாடி வரும் பையனுக்கு அதிர்ஷ்டம் அடித்தால்கூட முதலில் இந்த இடத்தில்தான் நுழைய முடியும்.

முதல் கை வரிக்கு

ரூ.9 லட்சம் என்றால் மாதம் ரூ.75 ஆயிரம் ஆச்சே என்பீர்கள். பொறுங்கள்.

ஒப்பந்தப் பணம் கொடுக்கும்போதே 10 சதவீதம் வருமான வரிக்குப் பிடித்துக்கொள்வார்கள். புதிய வரி முறையில் வருஷ வருமானம் ரூ.12 லட்சம் வரை இருந்தால் வரி கட்ட வேண்டியதில்லை. பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கலாம். ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். விவரம் தெரியாமல் விட்டால் ரூ.90 ஆயிரம் போச்சு!

கோடிக்காரர்கள் கதை வேறு. வருமானம் ரூ.2 கோடிக்கு மேல் போனால், மேல்தட்டில் ஒவ்வொரு ரூபாயிலும் 39 காசு வரிக்குப் போகிறது.

இதற்கு மேல் ஏஜெண்டு இருந்தால் அவர் பங்கு. சீசன் இல்லாத மாதங்களில் உடம்பைத் தேற்ற முட்டை, கறி, பால், ஜிம், பயிற்சியாளர், சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் வைத்தியம். சீசன் சில மாதம். சாப்பாடு பன்னிரண்டு மாதம்.

மொய் நோட்டு

வரி ஆபீசைவிடப் பெரிய பிடித்தம் ஒன்று இருக்கிறது. அது சொந்த ஊர்!

பேப்பரில் பேர் வந்த மறுநாளே பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் கட்டிவிடுவார்கள். அதோடு அவன் பணக்காரன். நேற்று வரை காதுகுத்துக்கு ரூ.501 மொய் எழுதிய குடும்பம், இனி ரூ.10,001 எழுத வேண்டும். கோவில் கொடை வரி தனி. அக்கா பிள்ளைக்குத் தாய்மாமன் சீர். அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி. ஒழுகுகிற ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி.

"அம்புட்டு லட்சம் வாங்குறான், நமக்கு ஒரு பத்தாயிரம் குடுக்க மாட்டேங்குறான் பாரு" என்ற பேச்சுக்குப் பயந்தே பாதிப் பணம் போய்விடும். இல்லை என்று சொல்லும் வயதா அது? 21, 22 வயசுப் பையன்.

ஒரு முழங்கால்

2022-ல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை ரூ.2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை அந்த விலைக்கு யாரும் போனதில்லை. முதல் ஆட்டம். தொடங்கிய சிறிது நேரத்திலேயே முழங்காலில் அடி. அந்த சீசனே அவருக்கு முடிந்தது!

அவர் நட்சத்திர வீரர். அடுத்த வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் ரூ.2 கோடியே 60½ லட்சத்துக்கு எடுத்தது. ரூ.9 லட்சத்துப் பையனுக்கு முழங்கால் போனால் அடுத்த ஏலத்தில் அவன் பேரை யார் கேட்பார்கள்?

432 மாதம்

இப்போது ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு பையன் 21 வயதில் நுழைகிறான். வருஷம் ரூ.9 லட்சம் வீதம் மூன்று சீசன் ஆடுகிறான். 24 வயதில் ஆட்டம் முடிகிறது. மொத்தம் ரூ.27 லட்சம். ஒரு பைசா செலவழிக்காமல், மொய்யும் எழுதாமல் அப்படியே வைத்திருக்கிறான் என்றே வையுங்கள்.

24-லிருந்து 60 வயது வரை 36 வருஷம். அதாவது 432 மாதம். ரூ.27 லட்சத்தை 432 ஆல் வகுத்தால் மாதம் ரூ.6,250!

வட்டியைச் சேர்க்கவில்லை, விலைவாசி ஏறுவதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் விஷயம் புரிகிறதல்லவா? பேப்பரில் லட்சமாகத் தெரிந்தது, ஆயுசுக்குப் பங்கு போட்டால் ஒரு வீட்டு வாடகைக்குக் காணாது.

சக்கிமங்கலத்துப் பெண்

ஏலமே இல்லாத ஒருவர் கதையையும் கேளுங்கள்.

ரேவதி வீரமணி. மதுரையை அடுத்த சக்கிமங்கலம். சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். பாட்டி கூலி வேலை செய்து பேத்திகளை வளர்த்தார். வெறுங்காலில் ஓடிய பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் அடையாளம் கண்டார். லேடி டோக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்பு தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அப்போது வயது 23.

ஓட்டக்காரருக்குக் கோடி ரூபாய் ஏலம் கிடையாது. ஆனால் ஒலிம்பிக் போகும்போதே அவர் கையில் தெற்கு ரயில்வே மதுரைக் கோட்டத்தில் வேலை இருந்தது.

அந்தச் சம்பளத்தை யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை. ஆனால் மாதம் பிறந்தால் வருகிறது. காலில் அடிபட்டால் நின்றுபோவதில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஓட்டம் நின்ற பிறகும் வேலை இருக்கும்.

ரேவதியின் பாட்டியைப் பார்த்து, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ஓட்டம் என்று கேட்டவர்கள் உண்டு. பாட்டி போட்ட கணக்குதான் கடைசியில் சரியாக வந்தது!

பெற்றோர் கவனிக்க

பையனையோ பெண்ணையோ தாராளமாக மைதானத்துக்கு அனுப்புங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானமும் அரசரடி மைதானமும் அதற்குத்தான் இருக்கின்றன. ஆனால் ஏலத்தை நம்பிப் படிப்பை நிறுத்தாதீர்கள். ஒரு டிகிரி கையில் இருக்கட்டும்.

ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. ஆகவே ஜெயித்த ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். கோப்பை ஷோகேசுக்கு. சான்றிதழ்தான் சோறு போடும்.

முதல் வருஷப் பணம் வந்ததும் ஒரு பங்கைப் பையன் பேரிலேயே பாங்கியிலோ தபாலாபீசிலோ போட்டுவிடுங்கள். மாடி வீடு அடுத்த வருஷம் கட்டிக்கொள்ளலாம். வரிக் கணக்கை வருஷா வருஷம் தாக்கல் செய்யுங்கள்.

இது நமக்குத் தெரியாத பாடம் இல்லை. வைகையில் வெள்ளம் ஓடுவது கொஞ்ச நாள்தான். கண்மாயில் தேக்கிய ஊருக்குத்தான் விளைச்சல். ஆற்றில் தண்ணீர் போனதை வேடிக்கை பார்த்த ஊருக்கு என்ன மிச்சம்?

அடுத்த ஏலத்தன்று டீக்கடையில் யாராவது "எம்புட்டுக்குப்பா போனான்?" என்று கேட்டால், நீங்கள் திருப்பிக் கேளுங்கள்:

"அது இருக்கட்டும்ணே. எத்தனை வருஷத்துக்கு?"