அண்மை நிகழ்ச்சிகளும் மட்டக்களப்பின் காலநிரலும்

ஒரு நாட்டில் நிகழ்ந்தவற்றை ஆண்டு முறையில் அடுக்கிக் காட்டுவது காலநிரல் எனப்படும். அது வரலாறு ஆகாது. வரலாற்றினுள் நுழைவார்க்கு வழிகாட்டும் கைகாட்டி மரமேயாம். மட்டக்களப்புக்கு இத்தகைய நிரலொன்று அமைக்கப் புகுவார் பழைய காலத்தைக் குறித்து மிக இடர்ப்படார். 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய செய்தியை எவரும் விட்டுவிடார். காலமே சுளகாக நின்று பதரைப் புடைத்து நீக்கியுள்ளது. அண்மைக் காலத்துக்கோ அச்சுளகை நாமே ஏந்துதல் வேண்டும்.

எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? ஆரவாரம் இதற்கு அளவுகோலாகாது. அமைச்சரொருவரின் வருகை அன்றைய பத்திரிகையை நிரப்பும். அடுத்த வாரமே மறக்கப்படும். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டதோ ஆட்சி ஏட்டில் ஓர் ஒழுங்கு மாற்றமாகவே தோன்றியிருக்கும். ஆயினும், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு சேர்த்து நோக்குமிடத்து, மாவட்டத்தின் எல்லையும் மக்கள் விகிதமும் பிரதிநிதித்துவமும் மாறியமை புலனாகும். எனவே, ஒரு நிகழ்ச்சிக்குப் பின் மக்கள் வாழ்க்கை முன்னைய நிலைக்கு மீளாதாயின் அது நிரலுக்குரியது என்பது முதல் விதியாகும். 1978 நவம்பர்ச் சூறாவளியும், 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் இவ்விதியால் இடம்பெறும். செங்கலடிக்கு அயலேயுள்ள வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தமையும் அவ்வாறே.

அங்ஙனமாயின் நிலைத்திராதவை யாவும் தள்ளற்பாலனவோ? அல்ல. 1988இல் வடக்கும் கிழக்கும் ஒரு மாகாணமாக இணைக்கப்பட்டன; 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் அவ்விணைப்பு நீங்கிற்று. இணைப்பு நிலைக்கவில்லை, எனினும் அதனை விடுத்தால் பிரிப்பு விளங்காது. பின்வந்த ஒன்றை விளக்கத் தேவையானதும் நிரலுக்குரியது என்பது இரண்டாம் விதி.

மூன்றாவது விதியே யாவற்றினும் கடினமானது. நிரலமைப்போன் தன்னினத்தார் துயரை மட்டும் பெரிதாக எழுதி, அயலார் துயரைச் சுருக்கவோ மறைக்கவோ கூடாது. 1990 ஆகஸ்டு 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் கிழக்குப் பல்கலைக்கழக வளவில் தஞ்சம் புகுந்திருந்தோருட் பலர் கொண்டுசெல்லப்பட்டு மீளாராயினர். 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் வழிபட வந்தோர் குண்டுவெடிப்பில் மாண்டனர். இவற்றுள் ஒன்றை எழுதி ஏனையவற்றை விடுப்பின், எழுதப்பட்ட உண்மையும் பொய்க்குத் துணைபோகும். நீக்கப்பட்ட வரிக்குரியோர் அந்நிரலைத் தம்முடையதென ஒருபோதும் கொள்ளார்.

தொகைகளில் மாறுபாடிருப்பின், நிகழ்ச்சியைப் பதிந்து, மாறுபாட்டையும் அருகே குறித்தல் முறையாகும். ஐயம் தொகையைப் பற்றியதாயின், நிகழ்ச்சியை நீக்க அது காரணமாகாது. மேலும், அண்மை ஆண்டுகளின் பதிவை முடிந்த முடிபெனக் கொள்ளாது, பத்தாண்டுக்கொருமுறை மீளாய்தல் நன்று. அம்மீளாய்வுக்குச் சான்று வேண்டும். நேரிற் கண்டோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்தம் வாய்மொழியை நாளும் இடமும் குறித்து எழுதிவைத்தல் மாணவர்க்கு இயலாத பணியன்று. அவர் மறைந்தபின் அவ்வாய்ப்பு மீண்டும் வாராது.