உங்களுக்குத் தெரியுமா? ஷேக்ஸ்பியர் பாடமானது எங்கே முதலில்?

● ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு வந்தது 1894இல்தான். கேம்பிரிட்ஜில் 1917. அங்கே கிரேக்கமும் லத்தீனும் கோலோச்சிய காலத்திலேயே கல்கத்தா மாணவர்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள்!

● இந்தத் தலைகீழ் வரிசைக்குக் காரணம் அரசியல் என்று ஆவணங்களைக் காட்டி எழுதியவர் கௌரி விஸ்வநாதன். கல்கத்தாவில் பிறந்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். நூல், 1989இல் வெளிவந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்'.

● 1813ஆம் ஆண்டுச் சட்டப்படி கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியர்களின் கல்விக்கு ஆண்டுதோறும் 1 லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும். ஆனால் மத விஷயத்தில் தலையிட்டால் மக்கள் கொதித்தெழுவார்கள் என்ற பயம் கம்பெனிக்கு. அரசுப் பள்ளியில் பைபிள் நடத்த முடியாது. கிறிஸ்தவ ஒழுக்கம் மட்டும் மாணவர் மனத்தில் பதிய வேண்டும். பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது. இலக்கியம் அதற்குக் கைகொடுத்தது என்பதே கௌரியின் வாதம்.

● 1853இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன ஒரு பாதிரியார், ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் புராட்டஸ்டன்ட் கொள்கைகள் வெளிப்படையாகச் சொல்லப்படாமலே பொதிந்திருப்பதாக வாதிட்டார். நாடகம் படித்த மாணவனுக்கு இது தெரிந்திருக்குமா? கௌரி எடுத்துக்காட்டும் இந்த ஓர் இடத்துக்காகவே நூலைத் தேடிப் படிக்கலாம்.

● இந்தியர்களுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்ற மெக்காலேயின் புகழ்பெற்ற குறிப்பு 1835இல் வந்தது. எல்லாப் பழியையும் அவர் தலையில் போடுவது நம் வழக்கம். விவகாரம் அவருக்கு 20 ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது.

● ஆட்சியாளர்கள் என்ன திட்டமிட்டார்கள் என்பதை மட்டுமே நூல் பேசுகிறது. பாடம் கேட்ட இந்தியர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குள் அது போகவில்லை. இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. நியாயமான குறைதான். அதே ஷேக்ஸ்பியரைப் படித்தவர்களில் பலர் பிறகு ஆட்சியையே கேள்வி கேட்டார்கள் அல்லவா?

● கௌரியின் அடுத்த பெரிய நூல் 'அவுட்சைட் தி ஃபோல்ட்' (1998). மதமாற்றத்தை அரசை எதிர்க்கும் செயலாகவும் பார்க்கலாம் என்கிறது. அம்பேத்கர், பண்டித ரமாபாய், நம் அடையாறில் தியசாபிகல் சொசைட்டியை நடத்திய அன்னி பெசன்ட் ஆகிய மூவரும் அதில் வருகிறார்கள். இலக்கிய விமர்சகர் எட்வர்ட் செய்த்தின் நேர்காணல்களைத் தொகுத்து 2001இல் நூலாக்கியவரும் இவரே.