ஓடுதளமும் காற்றும்

நுழையும்முன்

வாடை, கோடை, கொண்டல், தென்றல் எனத் திசையால் காற்றுக்குப் பெயரிட்டவர் தமிழர். முத்துக்குளிப்போர் காற்றறிந்தே கடலுக்குச் சென்றனர். வானிலிருந்து தரையிறங்கும் விமானியும் இன்று காற்றறிந்தே இறங்குகிறார்.

எட்டயபுரத்தின் கரிசல் நிலத்தில் ஆனி, ஆடித் திங்கள்களில் மேல்காற்று வலுவாக வீசும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நெருக்குண்டு வேகம் பெறுவதே இதற்குக் காரணம். அருகிலுள்ள கயத்தாறில் காற்றாலைகளைச் சுழற்றும் இப்பருவக்காற்று, தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுதளத்திலும் வீசுகிறது. சீராக வீசும் எதிர்க்காற்று விமானத்துக்குத் துணை. திடீரென மாறும் காற்றே பகை.

காற்று முறிவு

குறுகிய தொலைவுக்குள் காற்றின் வேகமோ திசையோ சட்டென மாறுவது ‘காற்று முறிவு’ எனப்படும். விமானத்தைத் தாங்குவது இறக்கைகளின்மேல் பாயும் காற்றின் வேகமாகும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்றில், தரையைப் பொறுத்து 210 கி.மீ. வேகத்தில் இறங்கும் விமானத்தின் இறக்கைகள் 250 கி.மீ. வேகக் காற்றை உணரும். அவ்வெதிர்க்காற்று நொடிப்பொழுதில் அதே அளவு பின்காற்றாக மாறினால், அவை உணர்வது 170 கி.மீ. மட்டுமே. தாங்குவிசை குறைந்து விமானம் தாழும். மிகு உயரத்தில் மீள வாய்ப்புண்டு. ஓடுதளத்தருகே இடமும் நேரமும் குறைவு.

விபத்து தந்த பாடம்

இடிமேகத்திலிருந்து கீழ்நோக்கிப் பாயும் காற்று, தரையில் மோதி எல்லாத் திசைகளிலும் பரவும். ஜப்பானில் பிறந்த வானிலை அறிஞர் தெத்சுயா புஜித்தா, 1975இல் நியூயார்க்கில் நேர்ந்த விமான விபத்தை ஆராய்ந்து இதன் கொடுமையை உணர்த்தினார். ஆயினும் 1985 ஆகஸ்டு 2 அன்று, டல்லாஸில் தரையிறங்க முயன்ற விமானம் இத்தகைய காற்றில் சிக்கியதால் 137 பேர் உயிரிழந்தனர். ஓடுதளத்தருகே காற்றளவிகள் இருந்தும், அக்காற்று அவற்றை எட்டுமுன்பே விமானம் வீழ்ந்தது. தரையில் அளப்பது போதாது, விமானம் இறங்கிவரும் வழியையும் அளக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அளக்கும் கருவிகள்

ஓடுதளத்தைச் சுற்றியுள்ள காற்றளவிகளின் அளவீடுகளைக் கணினி ஒப்பிட்டு, வேறுபாடு மிகுந்தால் எச்சரிக்கும். டாப்ளர் ராடார், தொலைவிலுள்ள மழைத்துளிகளில் பட்டு மீளும் அலைகளின் அதிர்வெண் மாற்றத்தால் காற்றின் போக்கை அறியும். மழையற்ற வானில் லிடார் கருவி, காற்றில் மிதக்கும் தூசுத் துகள்களின்மீது லேசர் ஒளியைச் செலுத்தி அளக்கும். மலையருகே அமைந்த ஹாங்காங் விமான நிலையத்தில் இக்கருவி 2002இல் நிறுவப்பட்டது.

எச்சரிக்கை கிடைத்ததும் விமானி தரையிறங்குவதைக் கைவிட்டு மேலெழுவார். காற்று தணிந்தபின் மீண்டும் இறங்குவார். விமானம் வானில் வட்டமிடும்போது பயணியர் சலிப்படைவதுண்டு. அச்சிறு தாமதமே அவர்தம் உயிருக்குக் காப்பாகிறது.