மாண்டிசோரி பள்ளிக்குத் தலைமை: தகுதியை வரையறுப்பது யார்?

புது தில்லி: கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் 1990-ல் டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. இத்தகைய பகுதிகளில் கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு, மூன்று வயதுக் குழந்தையை எங்கே சேர்ப்பது என்பது பெரும் கவலை. அவர்கள் நம்பி நாடும் பெயர்களில் ஒன்று "மாண்டிசோரி". ஆனால், அப்பெயரில் பள்ளி நடத்துபவர் என்ன பயின்றிருக்க வேண்டும்? நாடாளுமன்றம் இயற்றிய கல்வி உரிமைச் சட்டத்தில் இதற்கு விடை இல்லை.

2009-ஆம் ஆண்டின் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்தக் கூடாது என்னும் 18-ஆவது பிரிவும் தொடக்கக் கல்விப் பள்ளிகளுக்கே பொருந்தும். 3 வயதைக் கடந்தோருக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு 11-ஆவது பிரிவு நின்றுவிடுகிறது.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் மழலையர் பள்ளி ஆசிரியருக்குத் தகுதி வகுத்தது: பிளஸ் 2 தேர்வில் 50 சதவீத மதிப்பெண், இரண்டாண்டு பட்டயப் படிப்பு. எனினும், அங்கீகார வளையத்துக்கு வெளியே நிற்கும் பள்ளியில் இதைச் சரிபார்ப்பது யார் என்பதே கேள்வி.

<b>அடையாறில் தொடங்கிய பயிற்சி</b>

இம்முறைக்கு இந்தியாவில் ஆழமான வேர் உண்டு. மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறில் நடத்திய பயிற்சியில் சுமார் 300 பேர் பங்கேற்றனர். அவர் 1929-ல் நிறுவிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் பட்டயம் பெற, கோட்பாட்டுடன் கற்றல் கருவிகளைக் கையாளும் பயிற்சி, குழந்தைகளைக் கூர்ந்து நோக்கல், மேற்பார்வையில் வகுப்பு நடத்துதல், எழுத்து மற்றும் வாய்மொழித் தேர்வுகள் ஆகியவற்றைக் கடக்க வேண்டும்.

பள்ளித் தலைவருக்கு நிர்வாகத் திறன் மட்டும் போதாது. ஆசிரியர் எப்போது உதவ வேண்டும், எப்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை அறிந்தவரே வகுப்பை மதிப்பிட இயலும். ஆனால், பெயருக்குக் காவல் இல்லை. அமெரிக்காவில்கூட அது பொதுச்சொல்லே என்று 1967-ல் வணிகக்குறி வாரியம் முடிவு செய்தது.

<b>அங்கன்வாடிக்கு ஒரு நீதி</b>

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பிளஸ் 2 முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ் பயிற்சியும், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஏழைக் குழந்தையைப் பேணுபவருக்குப் பயிற்சி அவசியமென்றால், கட்டணம் பெற்றுப் பள்ளி நடத்துபவருக்கு விலக்கு ஏன்?

சட்டம் பதில் சொல்லும் வரை, அந்தக் கேள்வியைப் பள்ளி வாசலில் கேட்க வேண்டியவர்கள் பெற்றோரே: தலைமை வகிப்பவரின் பட்டயம் எந்த நிறுவனத்துடையது? குழந்தைகளுடன் அவர் எத்தனை நாள் பயின்றார்?