நினைவுகூர்தலே படிப்பு

தேர்வுக்குப் படிக்கும் மாணவர், பாடத்தை நான்காம் முறை வாசிக்கும்போது வரிகள் தடையின்றி ஓடுவதைக் கண்டு, அது மனத்தில் பதிந்துவிட்டதென்று நம்பிப் புத்தகத்தை மூடிவிடுகிறார். ஆனால், கண்முன் இருப்பதை இன்னதென்று அடையாளம் காண்பது ஒரு செயல். எதுவும் கண்முன் இல்லாதபோது அதை நினைவிலிருந்து வரவழைப்பது முற்றிலும் வேறொரு செயல். முதலாவதற்கு அச்சிட்ட பக்கமே துணை நிற்கிறது. தேர்வுக் கூடத்தில் பெரும்பாலும் கேட்கப்படுவதோ இரண்டாவது.

நினைவைச் சோதனை முறையில் அளக்க முடியும் என்பதை நிறுவியவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். முன்பே அறிந்தவை துணைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக அவர் பொருளற்ற அசைகளை வரிசையாக எழுதி, பிழையின்றி ஒப்பிக்கும்வரை தாமே உருப்போட்டார். பின்னர், குறிப்பிட்ட காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டு, அந்த மிச்சத்தையே நினைவில் எஞ்சியிருப்பதன் அளவாகக் கொண்டார். 1885இல் வெளியான அவருடைய நூலின்படி, இந்த மிச்சம் சுமார் 20 நிமிடத்தில் 58 விழுக்காடாகவும், ஒரு நாளில் 34 விழுக்காடாகவும் குறைந்தது. ஒரு மாதம் கழிந்த பின்னும் 21 விழுக்காடு எஞ்சியிருந்தது. முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறைந்துவிட, எஞ்சியது மெல்லவே தேய்கிறது என்பதே இதன் பொருள். பொருளுள்ள பாடம் இத்தனை விரைவில் மறப்பதில்லை என்றாலும், மறதியின் போக்கு ஏறத்தாழ இதுதான்.

அதே நூலில், மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள மற்றொரு முடிவும் உண்டு. ஒரே அமர்வில் 68 முறை உருப்போட்டதால் கிடைத்த பயனை, மூன்று நாள்களுக்குப் பிரித்துச் செய்த 38 முறையே தந்துவிட்டது. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கிறது என்னும் இம்முடிவு பின்னர் பல ஆய்வுகளில் உறுதியாகியும், தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லாவற்றையும் படித்துத் தீர்க்கும் வழக்கம் இன்னும் மாறாதிருப்பது வருந்தத்தக்கது.

வாசிப்பதற்கும் நினைவுகூர்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியவர்கள், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் ஆவர். 2006இல் வெளியான அவர்களது ஆய்வில், ஒரு குழுவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்தனர். மற்றொரு குழுவினர் ஓர் அமர்வில் மட்டும் வாசித்து, ஏனைய மூன்றில், பக்கத்தைப் பாராமல் நினைவில் இருந்ததை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் வாசித்தவர்கள் 83 விழுக்காடும் எழுதியவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துத் தேர்வெழுதியவர்களிடமோ நிலை தலைகீழாகி, வாசித்தவர்கள் 40 விழுக்காட்டுக்கு இறங்க, எழுதியவர்கள் 61 விழுக்காட்டில் நின்றனர். ஒரு வாரத்துக்குப் பிறகும் பாடம் நன்றாக நினைவிலிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கை தெரிவித்தவர்கள் வாசித்த குழுவினர்தாம் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. எளிதாக ஓடும் வாசிப்பு, ஒருவர் தன் அறிவின் அளவைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பீட்டையும் சேர்த்தே குலைத்துவிடுகிறது.

இதற்கு உளவியலாளர்கள் ராபர்ட் பியோர்க்கும் எலிசபெத் பியோர்க்கும் அளித்த விளக்கம் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரு செய்தி மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது என்பது வேறு, இந்த நொடியில் அது எவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டுகிறது என்பது வேறு. எட்டுவது சற்றுக் கடினமாகிவிட்ட நிலையில் முயன்று மீட்டெடுக்கும்போதுதான் பதிவு மிகுதியாக வலுப்பெறுகிறது. இடைவெளியின் பயனும் எழுதிப் பார்ப்பதன் பயனும் இந்த ஒரே கருத்தில் அடங்கிவிடுகின்றன. எனினும், முயன்றும் எதுவும் நினைவுக்கு வராவிட்டால் புத்தகத்தைத் திறந்து சரியான விடையைப் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. அவ்வாறு பாராவிட்டால் முயற்சியின் பயன் பெரும்பாலும் வீணாகும்.

தேர்வு நேரத்து அச்சம் தாக்குவது வேறோர் இடத்தை. ஒரு கணக்கின் இடைப்படிகளை விடை கிடைக்கும்வரை மனத்தில் ஏந்தி நிற்கும் திறனைச் செயல்நினைவு என்பர். உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் விளக்கிய இத்திறன், ஒரு நேரத்தில் சில கூறுகளை மட்டுமே தாங்கும். தோல்வியைப் பற்றிய கவலை அந்தச் சிறு இடத்தின் ஒரு பகுதியை அடைத்துக்கொள்வதால், நன்கு தெரிந்த கணக்கிலும் மாணவர் தடுமாறுகிறார். இதைச் சோம்பலின் விளைவென்று கடிவது அநீதியாகும்.

நினைவுகூர்தலைப் பற்றிய இவ்வாய்வுகளை ஏற்றால், மாணவரைத் தரம் பிரிப்பதற்கு மட்டுமே தேர்வு வைப்பது அதன் பாதிப் பயனை இழப்பதாகும். இல்லினாய் மாநிலத்தின் கொலம்பியா நகரில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடங்களுக்கு ரோடிகரும் உடன் ஆய்வாளர்களும் சிறு வினாத் தேர்வுகளை நடத்தி, விடைகளை உடனுக்குடன் தெரிவித்தனர். அந்த வினாக்களில் இடம்பெற்ற செய்திகளை, வினாவாகக் கேட்கப்படாத செய்திகளைவிட மாணவர்கள் அலகுத் தேர்விலும் பருவ இறுதித் தேர்விலும் கூடுதலாக நினைவுகூர்ந்தனர்.